நாகூர் தர்காவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

ஒரு வாசகி கேட்டிருந்த கேள்வி இது. மாமியார் என்றைக்கோ நேர்ந்துகொண்டதற்காகப் பேரனுக்கு நாகூரில் முடியிறக்க வேண்டும். நாங்கள் இந்துக் குடும்பம், எந்தத் தர்காவுக்குள்ளும் இதுவரை கால் வைத்ததில்லை. என்ன உடுத்த வேண்டும், உள்ளே போய் என்ன செய்ய வேண்டும்? தெரியாமல் ஏதாவது செய்து யார் மனதையும் புண்படுத்திவிடக் கூடாதே என்று பயமாக இருக்கிறது. அப்புறம், பணம் பிடுங்குவார்கள் என்கிறார்களே, உண்மையா?

முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். நாகூருக்கு வருகிற இந்துக்கள் அங்கே யாருக்கும் புதியவர்கள் இல்லை. ஊருக்கு வெளியிலிருந்தே தெரிகிற பெரிய மினாரா, 131 அடி, அதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங், 18ஆம் நூற்றாண்டின் நடுவில். கந்தூரி என்கிற வருடாந்திர விழாவின்போது, கபுருக்குப் பூசும் சந்தனத்தைக் கொண்டுவரும் சந்தனக்கூடு ஊர்வலம் புறப்படுவது நாகப்பட்டினம் அபிராமி அம்மன் திடலிலிருந்து. நாகூரான், நாகூரம்மாள், நாகூர் பிச்சை என்று பேர் வைத்திருக்கிற இந்துக் குடும்பங்களும் உண்டு, முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. பேரை மட்டும் கேட்டு எந்த மதம் என்று சொல்ல முடியாது. உங்கள் மாமியார் நேர்ந்துகொண்டதும் இந்த நீண்ட பழக்கத்தில் ஒன்றுதான். அதனால் உங்களைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை, நீங்கள் யார் என்ன என்று விசாரிக்கக்கூட மாட்டார்கள்.

நடந்துகொள்கிற முறைக்கு நூறு விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மறக்காமல் இருந்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். அது ஒரு அடக்கஸ்தலம். உள்ளே சிலை இல்லை, படம் இல்லை, இருப்பது ஒரு மனிதரின் கபுர், அதாவது சமாதி. ஷாஹுல் ஹமீது என்கிற காதிர் வலி, இன்றைய உத்தரப் பிரதேசத்தின் மாணிக்கப்பூரில் பிறந்து, குவாலியரில் முகம்மது கௌஸ் என்கிற குருவிடம் பயின்று, பல நாடுகள் சுற்றி, கடைசியில் இந்தக் கடற்கரைக்கு வந்து தங்கி, 1570இல் மறைந்தார் என்பது தர்கா மரபு. பக்கத்திலேயே மகன் யூசுப் சாகிபும் மருமகள் சுல்தான் பீவியும் அடங்கியிருக்கிறார்கள். காதிர் வலியை நேசிக்கிறவர்களுக்கு அவர் இறந்துபோனவர் இல்லை, உள்ளே ஓய்வில் இருக்கிறார், வருகிறவர்களின் சலாமைக் கேட்கிறார். ‘எஜமான்’ என்றுதான் சொல்வார்கள், இந்துக்கள் பெரும்பாலும் ‘நாகூர் ஆண்டவர்’ என்பார்கள். வீட்டுக்குள் பெரியவர் ஒருவர் கண்ணயர்ந்திருக்கும்போது நாம் எப்படி அடியெடுத்து வைப்போம், எவ்வளவு குரலில் பேசுவோம், அதுதான் அங்கே தேவைப்படுகிற மரியாதை முழுவதும்.

இப்படி யோசித்தால் சின்னச் சின்ன வழக்கங்களுக்கும் காரணம் புரியும். இங்கே முஸ்லிம்களை அடக்கும்போது தலை வடக்கே, கால் தெற்கே, முகம் மேற்கே கிப்லாவை, அதாவது மக்கா இருக்கும் திசையைப் பார்த்திருக்கும். நாகூரின் ஐந்து மினாராக்களில் ஒன்றுக்குத் தலைமாட்டு மினாரா என்று பேர் வந்ததும் இதை வைத்துத்தான். அதனால் கபுரை நெருங்கும்போது கால்மாட்டுப் பக்கமாக வருவதை மரியாதையாக நினைக்கிறார்கள், கபுருக்குக் காலை நீட்டி உட்கார மாட்டார்கள், திரும்பும்போது சட்டென்று முதுகைக் காட்டாமல் இரண்டு மூன்று எட்டு பின்வாங்கி அப்புறம் திரும்புவார்கள். கூட்ட நேரத்தில் இதையெல்லாம் அப்படியே செய்ய முடியாது, முன்னால் போகிறவரைப் பார்த்துப் போனால் போதும். வாசற்படியை மிதிக்காமல் தாண்டுங்கள், நிறையப் பேர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதைப் பார்ப்பீர்கள். செருப்பை வெளியே விட்டு, கால் கழுவி, தலையை மூடிக்கொண்டு போக வேண்டும். ஆண்களுக்குத் தொப்பி இருந்தால் தொப்பி, இல்லாவிட்டால் சுத்தமான கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொள்ளலாம். பெண்களுக்குச் சேலைத் தலைப்போ துப்பட்டாவோ போதும், பர்தா எதுவும் வேண்டியதில்லை. பொட்டை அழிக்க வேண்டுமா, திருநீற்றைத் துடைக்க வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம், உங்கள் வீட்டு வழக்கப்படியே வாருங்கள். அரைக்கால் சட்டையும் கையில்லாத மேல்சட்டையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள். வேட்டி, கைலி, சேலை, சுடிதார் எல்லாம் நல்லதுதான், தரையில் உட்கார வசதியாக இருந்தால் சரி.

உள்ளே போய் என்ன செய்வது? சலாம் சொல்லலாம். முஸ்லிம்கள் சலாம் சொல்லி, குர்ஆனின் முதல் அத்தியாயமான பாத்திஹா ஓதி, அவர் பொருட்டால் அல்லாஹ்விடம் கேட்பார்கள். நீங்கள் தெரியாத அரபு வார்த்தைகளை முயன்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கைகட்டி அமைதியாக நின்று மனதில் இருப்பதைத் தமிழில் சொல்லுங்கள், அது போதும். கைகூப்பினாலும் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும்: நெற்றி தரையில் பட விழுந்து கும்பிடாதீர்கள். கோயிலில் அது நமக்குக் கை வந்த பழக்கம், ஆனால் இஸ்லாத்தில் சஜ்தா இறைவன் ஒருவனுக்கு மட்டும்தான், இறைநேசர்களின் அடக்கஸ்தலமாக இருந்தாலும் அங்கே அதைச் செய்யக் கூடாது என்பதுதான் தர்காவுக்குப் போகிற ஆலிம்களின், அதாவது மார்க்க அறிஞர்களின், நிலைப்பாடும். மற்றவர்கள் விழுவதை நீங்கள் பார்க்கவும் கூடும். பார்த்தாலும் நீங்கள் செய்ய வேண்டாம்.

இதையொட்டி இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் உங்கள் காதில் விழும். தர்காவில் போய்க் கேட்பதே தவறு என்று நினைக்கிற முஸ்லிம்கள் நிறைய இருக்கிறார்கள். இறைவன் ஒருவனிடம் மட்டுமே கேட்க வேண்டும் என்கிற தவ்ஹீது இயக்கம் வளர்ந்த பிறகு தமிழ்நாட்டில் பல வீடுகளுக்குள்ளேயே இந்தக் கருத்து வேறுபாடு வந்துவிட்டது. உங்கள் முஸ்லிம் நண்பரோ பக்கத்து வீட்டுக்காரரோ ‘நாங்கள் தர்காவுக்குப் போவதில்லை’ என்றால் அதை மதியுங்கள், கூட வரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அவர் சொல்கிறதை தர்காவில் போய்ப் பேசவும் வேண்டாம். அவரவர் ஈமான், அதாவது நம்பிக்கை, அவரவருக்குப் பெரிது. எனக்கு ஜியாரத், அதாவது தர்காவுக்குப் போய்வருவது, பிடிக்கும், சின்ன வயதிலிருந்து பாட்டியோடு போய்ப் பழகிய இடம் அது. ஆனால் போகாதவரைக் குறைவாகப் பேசுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பெண்கள் கபுர் அறைக்குள் எதுவரை போகலாம் என்பது ஒவ்வொரு தர்காவிலும் ஒவ்வொரு மாதிரி. டெல்லி நிஜாமுத்தீன் தர்காவில் பெண்கள் உள்ளறைக்குள் போவதில்லை, ஜாலி என்கிற பின்னல் தடுப்புக்கு வெளியே உட்கார்ந்துதான் துவா, அதாவது வேண்டுதல், கேட்பார்கள். மும்பை ஹாஜி அலியில் 2012 வாக்கில் பெண்களை உள்ளே விடாமல் நிறுத்தினார்கள், வழக்கு நடந்து 2016இல் மும்பை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. தமிழ்நாட்டிலும் ஊருக்கு ஊர் மாறும். எங்கே போனாலும் வாசலில் இருக்கிறவரிடம் ‘பாய், பெண்கள் எதுவரைக்கும் போகலாம்?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். உள்ளே போய் யாராவது தடுத்து, மாமியார் மனம் வாடுவதைவிட அது நல்லது. மாதவிலக்கு நாட்களில் கபுர் பக்கம் போகாமல் வெளியே இருந்தே துவா செய்வது இங்குள்ள பெண்களின் வழக்கம்.

நேரம் முக்கியம். தர்கா வளாகத்துக்குள்ளேயே பள்ளிவாசலும் இருக்கிறது, ஐந்து வேளையும் தொழுகை நடக்கும். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்லும்போது பேச்சை நிறுத்திவிடுங்கள். தொழுதுகொண்டிருப்பவருக்குக் குறுக்கே நடக்காதீர்கள், சுற்றிப் போங்கள், அல்லது அவர் சலாம் கொடுத்து முடிக்கிறவரை நில்லுங்கள். குழந்தையோடு போகிறவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான், ஒருவர் குழந்தையை முற்றத்தில் வைத்துக்கொள்ள மற்றவர் போய்வரலாம். கபுர் இருக்கிற உள்ளறைக் கதவு நாள் முழுக்கத் திறந்திருக்காது. காலையிலும் மாலையிலும் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் திறப்பார்கள், தங்குகிற இடத்தில் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். வெள்ளிக்கிழமை நடுப்பகல் ஜும்ஆ தொழுகை நேரத்தில் போக வேண்டாம். ‘வெள்ளி ராவுக்கு வாங்க’ என்று யாராவது சொன்னால் அது வியாழக்கிழமை மாலைக்குப் பிறகு என்று புரிந்துகொள்ளுங்கள், முஸ்லிம் கணக்கில் சூரியன் மறைந்தால் அடுத்த நாள் தொடங்கிவிடும். அன்றைக்குக் கூட்டமும் அதிகம், மனதுக்கு நிறைவும் அதிகம். ஆனால் சின்னக் குழந்தையோடு முதல்முறை போகிறவர்களுக்கு வாரநாளின் விடியற்காலைதான் நல்லது என்பேன்.

நிறையப் பேர் செய்கிற ஒன்று எனக்கு வருத்தமாகவே இருக்கும். காலையில் வேளாங்கண்ணி, மதியம் நாகூர், மாலையில் திருநள்ளாறு என்று ஒரே வேனில் ஓடுவார்கள். மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் அந்த அவசரத்தில் தர்காவுக்குக் கிடைப்பது லுஹர் என்கிற மதியத் தொழுகையின் கூட்டமும், சூடேறிய கல் தரையும், டிரைவரின் போன் அழைப்பும்தான். நேர்ச்சை என்று வருகிறவர்கள் ஒரு ராத்திரி நாகூரிலோ நாகப்பட்டினத்திலோ தங்குங்கள். பாத்திஹா முடிந்ததும் எழுந்து ஓடாமல் முற்றத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள். நகரா முரசின் சத்தம், புறாக்கள், ஓரமாக உட்கார்ந்து பைத் என்கிற புகழ்ப்பாட்டுப் பாடுகிற பக்கீர், எல்லாம் அந்த ஜியாரத்தில் சேர்ந்ததுதான்.

புறா என்றதும் ஞாபகம் வருகிறது, குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், விரட்டக் கூடாது. தஞ்சை நாயக்க மன்னர் அச்சுதப்பருக்குத் தீராத நோய் வந்ததாகவும், அரண்மனையில் ஊசி குத்தப்பட்ட புறா ஒன்று கிடந்ததைக் காதிர் வலி கண்டுபிடித்து, ஊசிகளை எடுத்துப் பறக்கவிட்டதும் மன்னர் குணமானதாகவும் வழிவழியாகச் சொல்லும் கதை. அதனால்தான் நேர்ந்துகொண்டு புறா விடுகிறார்கள். கப்பல் கதையும் இதேபோல. கடலில் ஓட்டை விழுந்து மூழ்கவிருந்த கப்பலை, இங்கே முடி திருத்திக்கொண்டிருந்த காதிர் வலி கையிலிருந்த கண்ணாடியை வீசி அடைத்துக் காப்பாற்றினார் என்பார்கள். கடலோடிகள் அவரை விடாமல் பிடித்துக்கொண்டது அப்படித்தான். தர்கா கடைகளில் வெள்ளித் தகட்டில் கப்பல், வீடு, தொட்டில், கண், கால் என்று வைத்திருப்பதைப் பார்ப்பீர்கள். எதற்காக வேண்டிக்கொண்டார்களோ அதன் உருவத்தை வாங்கிச் செலுத்துவார்கள்.

காணிக்கை விஷயத்தில் கட்டாயம் எதுவும் இல்லை. வழக்கமாகக் கொண்டுபோவது சர்க்கரை, ஊதுபத்தி, சாம்பிராணி, பூச்சரம். வசதியும் நேர்ச்சையும் இருப்பவர்கள் கபுருக்குப் போர்வை போடுவார்கள். கடைக்காரர் எல்லாவற்றையும் ஒரு தட்டில் அடுக்கி நீட்டிவிடுவார், விலையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். வேண்டாததை எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுவார்கள். கொடுத்த சர்க்கரையில் பாத்திஹா ஓதி ஒரு பங்கைத் திருப்பித் தருவார்கள். அதை இரண்டு கையாலும் வாங்கி, கீழே சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மயிலிறகால் தலையில் வருடி துவா செய்வார்கள், அப்போது தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டால் போதும்.

இப்போது பணம். நேராகவே சொல்கிறேன். தர்காவில் பரம்பரையாகப் பணி செய்கிற குடும்பங்கள் இருக்கின்றன, சாபுமார்கள் என்போம். உங்களுக்காக பாத்திஹா ஓதுவதும், வழி காட்டுவதும், முடியிறக்கும் சடங்கை நடத்திவைப்பதும் அவர்கள் வேலை, அதற்குக் கொடுப்பது அவர்கள் வாழ்வாதாரம். மரியாதையோடு கொடுங்கள். ஆனால் எந்தப் பெரிய தர்காவிலும், எந்தப் பெரிய கோயிலிலும் போலவே, வந்தவரின் பதற்றத்தைப் பார்த்து அதிகம் கேட்கிறவர்களும் இருப்பார்கள். ‘இவ்வளவு கொடுத்தால்தான் நேர்ச்சை நிறைவேறும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அப்படி ஒரு விலை மார்க்கத்தில் கிடையாது. என்ன கொடுப்பது என்று வீட்டிலேயே முடிவு செய்து தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். வேண்டாம் என்றால் ‘இல்லங்க பாய், நாங்களே பார்த்துக்கிறோம்’ என்று சிரித்த முகத்தோடு சொல்லி நகர்ந்துவிடலாம். சண்டை போட்டுக் குரலை உயர்த்தினால் பக்கத்தில் அழுது துவா கேட்டுக்கொண்டிருக்கிறவருக்குத்தான் தொந்தரவு. பெரிய தொகை கொடுக்க நினைத்தால் தர்கா அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உண்டியல் இருக்கிறது. வெளியே ஏழைகளுக்குச் சோறு வாங்கிக் கொடுப்பது இன்னும் நல்லது.

முடியிறக்குவது குளத்துப் பக்கம் நடக்கும். இந்துக் குழந்தைகளும் முஸ்லிம் குழந்தைகளும் வரிசையாக மொட்டையும் சந்தனமுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் உங்கள் மாமியாருக்கு மனசு லேசாகிவிடும். புது பிளேடு போடச் சொல்லிக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். குளிப்பாட்டி, சந்தனம் தடவி, அப்புறம் குழந்தையை உள்ளே கொண்டுபோய் துவா கேட்கலாம்.

இனி சொல்லப்போவதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். பல தர்காக்களில் மனநலம் குன்றியவர்களும், ஜின் பிடித்திருக்கிறது என்று அழைத்துவரப்பட்டவர்களும் இருப்பார்கள். சிலர் தலைவிரித்து ஆடுவார்கள், கத்துவார்கள். அதை வேடிக்கை பார்க்காதீர்கள், போனைத் தூக்கி வீடியோ எடுக்கவே எடுக்காதீர்கள். அங்கே நிற்கிற தாய்க்கோ கணவனுக்கோ அது வாழ்க்கையின் மிக மோசமான நாளாக இருக்கலாம். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்டில் தர்காவைச் சுற்றி இருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். ஓடித் தப்ப அவர்களால் முடியவில்லை. அதன் பிறகுதான் அரசும் நீதிமன்றமும் விழித்துக்கொண்டன. குஜராத்தின் மீரா தாத்தார் தர்காவில் மருத்துவர்களும் தர்காவில் பணி செய்கிற முஜாவர்களும் சேர்ந்து, துவாவும் நடக்கட்டும் மருந்தும் நடக்கட்டும் என்று ஒரு ஏற்பாட்டைத் தொடங்கினார்கள், ‘தவா துவா’ என்று அதற்குப் பேர். ஏர்வாடியிலும் அது வந்தது. உங்கள் வீட்டில் யாருக்காவது மாத்திரை நடந்துகொண்டிருந்தால் தர்காவுக்கு வந்ததை வைத்து அதை நிறுத்திவிடாதீர்கள், யார் சொன்னாலும் சரி.

போட்டோவைப் பொறுத்தவரை மினாராவையும் வெளி முற்றத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். கபுர் இருக்கும் இடத்தில் போனைப் பையில் போட்டுவிடுங்கள், துவா கேட்கிற பெண்களை எடுக்காதீர்கள்.

கந்தூரிக்குப் போகலாமா என்று அடுத்து கேட்பீர்கள். இஸ்லாமிய நாள்காட்டியின் ஜமாத்துல் ஆகிர் மாதம் முதல் பிறையில் கொடியேறி 14 நாள் நடக்கும். நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வடிவ ரதங்களோடு கொடி ஊர்வலம் வரும், 10ஆம் இரவு சந்தனக்கூடு கிளம்பி விடியற்காலையில் தர்காவை அடையும், கபுருக்குச் சந்தனம் பூசுவார்கள். சந்திர மாதக் கணக்கு என்பதால் ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும், சென்ற வருடத் தேதியை நம்பி ரயில் டிக்கெட் போட்டுவிடாதீர்கள். பார்க்க வேண்டிய விழாதான், ஆனால் மொட்டைக் குழந்தையையும் முழங்கால் வலிக்கிற மாமியாரையும் வைத்துக்கொண்டு அந்த நெரிசலில் வேண்டாம். நேர்ச்சையை முதலில் அமைதியான நாளில் முடியுங்கள், கந்தூரிக்கு இன்னொரு முறை பெரியவர்கள் மட்டும் வரலாம்.

இந்த வழக்கங்கள் நாகூரோடு நிற்பதில்லை. கடல் கடந்து போன தமிழ் முஸ்லிம்கள் எஜமானின் நினைவாகப் பினாங்கிலும், சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவிலும், இலங்கையில் கல்முனைக் கடற்கரைப் பள்ளியிலும் தர்கா எழுப்பினார்கள். அங்கெல்லாம் அவருடைய உடல் இல்லை, நினைவு மட்டும்தான். கடையத்துக்குப் பக்கத்தில் பொட்டல்புதூரும் அப்படித்தான், அங்கே நினைக்கப்படுகிற முகைதீன் ஆண்டவர் (அப்துல் காதிர் ஜீலானி) அடங்கியிருப்பது பாக்தாதில். ஆனாலும் அங்கே போகிறவர்கள் அதே மரியாதையோடுதான் நிற்கிறார்கள், நீங்களும் அப்படியே நின்றால் சரி.

நாகூரில் நேரம் மிச்சமிருந்தால் கடற்கரையில் சில்லடிக்கும், கொஞ்சம் வடக்கே வாஞ்சூருக்கும் போய்வாருங்கள், இரண்டும் அவர் தனித்திருந்து தியானம் செய்த இடங்கள் என்பார்கள். சில்லடிக்கு மாலையில் போங்கள், மதிய வெயிலில் மணல் சுடும். குழந்தையின் மொட்டைத் தலைக்கு ஒரு பருத்தித் தொப்பியும், மாமியாருக்கு மடக்கு நாற்காலி ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். முற்றத்தின் ஓரமாகப் போட்டு அவர் உட்கார்ந்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.